ஓடுகிறவர் கையில் ஒப்பந்தம் இல்லை

(தடாவில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நமது சங்கம் பொங்கலை ஒட்டி நடத்தும் ஓட்டப்பந்தயத்தைப் படம் பிடித்து, கைப்பேசியில் நேரலையாகக் காட்ட ஒரு நிறுவனத்தார் முன்வந்திருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சங்கத்துக்கு ஒரு தொகை தருவார்களாம். பதிலுக்கு அவர்கள் கேட்பது மூன்று. பந்தயத்தை வேறு எவரும் படம் எடுக்கக் கூடாது. அவர்களுடைய செயலியில் கட்டணம் கட்டியவர்கள்தாம் பார்க்க வேண்டும். எடுத்த பதிவு என்றென்றைக்கும் அவர்களுக்கே சொந்தம். கடிதம் செயற்குழுவின் முன் இருக்கிறது. "வீடு தேடி வரும் பணத்தை விடுவானேன்?" என்று சிலர் கேட்கிறார்கள். "விளையாட்டை விற்பதற்கா சங்கம் வைத்தோம்?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். நான் இந்த இரண்டு அணியிலும் சேராதவன். விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. யாருடைய பொருளை யார் விற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு விற்போம் என்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தோழர்களே, இந்த அவையில் இருப்பவர்களுக்கு ஒப்பந்தம் என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் ஒரு மேஸ்திரியின் பின்னால் வந்தவர்கள். தலைக்கு இவ்வளவு என்று மேஸ்திரி கம்பெனியோடு பேசுவார். அந்தப் பேச்சு நம் காதுக்கு வராது. அந்தத் தாள் நம் கண்ணுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் நம் கையில் விழுவதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. இந்த அநியாயத்தை உணர்ந்துதான் 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் போய் உழைப்போருக்கென ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய ஒரு பாஸ்புத்தகம் தர வேண்டும், நிறுவனத்தின் பெயர், இடம், வேலைக் காலம், கூலி ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எத்தனை பேர் கையில் அந்தப் புத்தகம் இருந்தது என்பது வேறு கதை. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் அவற்றுக்குள் கரைந்துபோயிற்று. சட்டம் போனாலும் அதன் அடியில் இருந்த நியாயம் போகவில்லை: உழைக்கிறவனின் உழைப்பைப் பற்றி இரண்டு பேர் பேசி முடித்தால், பேசியது என்ன என்று உழைக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

ஓட்டக்காரர்களின் நிலை இன்று எப்படி இருக்கிறது? உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரருக்கும் அந்தப் பாஸ்புத்தகம் இல்லை. சம்மேளனம் ஒரு பக்கம் கையெழுத்துப் போடுகிறது. ஒளிபரப்பு நிறுவனம் மறுபக்கம் போடுகிறது. ஓடுகிறவர் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

முதலில் பணத்தின் அளவைச் சொல்கிறேன். அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 2021 முதல் 2032 வரையிலான ஒலிம்பிக் போட்டிகளை அந்த ஒரு நாட்டில் காட்டுவதற்கு மட்டும் 765 கோடி டாலர் தருவதாக 2014-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒலிம்பிக் ஓட்டத்தில் வென்றவருக்கு அந்தப் போட்டியிலிருந்து கிடைத்தது ஒரு பதக்கம். 2024 ஏப்ரலில்தான் உலகத் தடகள அமைப்பு, பாரிசில் தங்கம் வெல்லும் ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் தருவதாக அறிவித்தது. ஒலிம்பிக் சங்கம் தனக்குப் பிரித்துத் தரும் வருவாயிலிருந்து அதைக் கொடுத்தது. தொடர் ஓட்டத்தில் ஓடுகிற நால்வரும் அதே ஐம்பதாயிரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் 2028-இல் பார்க்கலாம் என்றார்கள். இந்தச் சிறு தொகைக்கே, மற்ற விளையாட்டுக்காரர்கள் பலர் "இது வழக்கத்தைக் கெடுக்கிறது" என்று முகம் சுளித்தார்கள்! கொடுத்துப் பழகாதவர்களுக்குக் கொடுப்பதே கெட்ட வழக்கமாகத் தெரிகிறது போலும்.

உலகத் தடகளப் போட்டியின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 1993-இல் ஸ்டுட்கார்ட் நகரில் வென்றவர்களுக்கு ஒரு மெர்சிடிஸ் கார் கொடுத்தார்கள். 1997-இல் ஏதென்சில்தான் முதன்முதலாகக் கையில் காசு வந்தது: தங்கத்துக்கு 60,000 டாலர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2022-இல் அது எவ்வளவு ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? 70,000. கால் நூற்றாண்டில் பத்தாயிரம் டாலர் ஏற்றம். அதே கால் நூற்றாண்டில் தொலைக்காட்சிப் பெட்டி கைப்பேசியாகி, ஒரே ஓட்டத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. 2026 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடத்துவதாக அறிவித்த புதிய போட்டியில் வெல்பவருக்கு 1,50,000 டாலர் என்றார்கள். வரவேற்கிறேன். ஆனால் அதுவும் தருகிறவர் மனம் வைத்துத் தருவது. ஒளிபரப்பு வருவாயில் இத்தனை பங்கு என்று எழுதி வாங்கியது அல்ல. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆட்டக்காரர்கள் சங்கம் முதலாளிகளோடு பேசி, விளையாட்டு வருவாயில் ஏறத்தாழப் பாதியை ஆட்டக்காரர்களுக்கு என்று எழுதி வாங்கியிருக்கிறது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பேச முடிந்தது. ஓட்டக்காரர் தனியாள். ஓடுகிறபோதும் தனியாள், பேசுகிறபோதும் தனியாள்.

நம் நாட்டில் எல்லாரும் கிரிக்கெட்டை உதாரணம் காட்டுவார்கள். ஐ.பி.எல். போட்டிகளை 2023 முதல் 2027 வரை காட்டும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அதில் தொலைக்காட்சிக்குத் தனி ஏலம், கைப்பேசிக்குத் தனி ஏலம். அதே பந்தை இரண்டு முறை விற்கலாம் என்று அன்றுதான் நாடு அறிந்துகொண்டது. அந்தக் கணக்கை ஓட்டத்துக்கு அப்படியே கொண்டுவந்து வைப்பது பேதைமை. ஓட்டத்தைப் பார்க்க அத்தனை கூட்டம் இல்லை. அதனால்தான் ஓட்டக்காரர்களின் வழக்கு இன்னும் கடினமானது; இருக்கிற சிறிய பானையில் யாருக்கு எத்தனை அகப்பை என்பது பெரிய பானையைவிடக் கவனமாகக் கேட்க வேண்டிய கேள்வி.

ஒளிபரப்பின் பிடி பணத்தோடு நிற்பதில்லை. எந்த ஓட்டம் உயிரோடு இருக்க வேண்டும், எது சாக வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. 2019-ஐ நினைத்துப் பாருங்கள். டயமண்டு லீக் என்று ஆண்டுதோறும் நகரம் நகரமாக நடக்கும் தடகளப் போட்டித் தொடர் ஒன்று உண்டு. ஓட்டக்காரர்களில் பலருக்கு ஆண்டு வருமானமே அதுதான். இரண்டு மணி நேர நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு நீளமாக இருக்கிறது, தொண்ணூறு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்று நடத்துபவர்கள் முடிவு செய்தார்கள். 32 பிரிவுகள் 24 ஆகும் என்றார்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஓட்டமே வேண்டாம் என்றார்கள். 5,000 மீட்டர் நீங்கியது. அவ்வாண்டு நவம்பரில் 200 மீட்டர், 3,000 மீட்டர் தடைதாண்டல், மும்முறைத் தாண்டல், வட்டெறிதல் ஆகியவையும் முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் மலைப்பாதையில் ஓடி ஓடி நெடுந்தொலைவுக்கென்றே உடலை வளர்த்துக்கொண்ட பிள்ளைகளின் பிழைப்பை, எங்கோ ஒரு நிகழ்ச்சி அட்டவணையின் கடைசி முப்பது நிமிடம் தின்றுவிட்டது. அவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா? இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற மும்முறைத் தாண்டல் வீரர் கிறிஸ்டியன் டெய்லர், "எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்கிறார்கள்" என்ற ஆத்திரத்தில் தடகள வீரர்களுக்கென்று தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு தொற்றுநோய்க் காலம் வந்தது, கண்டனங்களும் வலுத்தன. 2021-இல் 32 பிரிவுகளும் திரும்பின. திரும்பியது நல்லது. ஆனால் அந்தக் கத்தரிக்கோல் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.

கட்டணம் கட்டிப் பார்க்கும் நேரலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஃபுளோடிராக் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. டெக்சாசில் தொடங்கிய ஃபுளோஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனியின் பிரிவு அது. மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு ஓட்டங்களைக் காட்டுகிறது. 2025 முதல் டயமண்டு லீக் போட்டிகளை அமெரிக்காவில் காட்டும் உரிமை அதனிடம் போயிற்று. அது ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரிய தொலைக்காட்சிகள் திரும்பிப் பாராத கல்லூரி ஓட்டங்கள், வயல்வெளி ஓட்டங்கள், பள்ளிப் பிள்ளைகளின் பந்தயங்கள் எல்லாவற்றிலும் கேமராவை வைத்தவர்கள் இப்படிப்பட்ட நிறுவனத்தார்தாம். கேமராவுக்குக் காசு வேண்டும், தூக்குகிறவருக்குக் கூலி வேண்டும். யாரும் எதுவும் தராவிட்டால் படமே இல்லை. இதை மறுத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

ஆயினும் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். ஓட்டக்காரரின் பிழைப்பு பரிசுப் பணத்தில் இல்லை. செருப்புக் கம்பெனி தரும் காசில் இருக்கிறது. நம் நாட்டில் என்றால் இரயில்வேயும் போலீசும் இராணுவமும் தரும் வேலையில் இருக்கிறது. அந்தக் காசும் அந்த வேலையும் எதனால் வருகின்றன? நாலு பேர் பார்த்து, நாலு ஊரில் பெயர் சொல்வதனால் வருகின்றன. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓடினால் பெயர் எங்கே பரவும்? வாசலில் வசூலாகும் காசு சம்மேளனத்துக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. கதவு மூடியதனால் குறையும் பெயரோ ஓட்டக்காரருடைய நட்டம். கட்டண நேரலையின் அநீதி இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கட்டணம் வாங்குவது பாவம் இல்லை. நட்டத்தை ஒருவர் தலையிலும் இலாபத்தை மற்றவர் மடியிலும் கட்டுவதுதான் பாவம்.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நம் ஆடவர் நால்வர் தொடர் ஓட்டத்தில் 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அனஸ், அமோஜ், அஜ்மல், கடைசிச் சுற்றில் நம் தமிழ்நாட்டு இளைஞர் ராஜேஷ் ரமேஷ். அமெரிக்கருக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் அவர்கள் வந்து முடித்த அந்தச் சில நொடிக் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. ராஜேஷ் யார்? தென்னக இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர் வேலை பார்த்தவர். அந்தக் காட்சியை நீங்கள் காசு கொடுத்தா பார்த்தீர்கள்? இல்லை. யாரோ வெட்டி அனுப்பியதைப் பார்த்தீர்கள். பார்த்ததனால் அவரை உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வீரரே தான் ஓடிய காட்சியை எடுத்துத் தன் பக்கத்தில் போட நினைத்தால், உரிமை வேறொருவருடையது என்று விதி குறுக்கே நிற்கிறது. ஒலிம்பிக்கில் இது எழுதி வைத்த விதி: போட்டிக் காட்சியை வீரர் வெளியிடக் கூடாது. தன் கால், தன் மூச்சு. படம் மட்டும் மாற்றான் சொத்து! (தன் வாழ்க்கைக் கதையைத் திரைப்படமாக்கும் உரிமையை மில்கா சிங் ஒரு ரூபாய்க்குக் கொடுத்தார் என்பார்கள். அந்த ஒரு ரூபாயை அவர் தாமாக விரும்பிக் கேட்டார். கேட்கவும் கொடுக்கவும் அவருக்கு ஓர் உரிமையாவது கையில் இருந்தது.)

பதிவு என்பது வேடிக்கை பார்க்கிறவருக்கு மட்டும் உரிய பண்டம் என்று எண்ணாதீர்கள். அது ஓடுகிறவரின் சாட்சி. நம் ஆந்திர மண்ணின் பிள்ளை, விசாகப்பட்டினத்து ஜோதி யர்ராஜியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். காவலாளியின் மகள். 2023 அக்டோபர் 1-ஆம் நாள் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு, நூறு மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதி. துப்பாக்கி வெடிக்கும் முன்பே பக்கத்துத் தடத்துச் சீன வீராங்கனை கிளம்பிவிட்டார். அவர் அசைந்ததைக் கண்டு ஜோதியும் அசைந்தார். நடுவர்கள் இருவரையுமே வெளியேறச் சொன்னார்கள். அந்தப் பெண் வெளியேறவில்லை. தளத்திலேயே நின்று, "படத்தைப் போட்டுப் பாருங்கள்" என்று வாதாடினார். படத்தைப் பார்த்தார்கள். ஆட்சேபத்தோடு இருவரையும் ஓட விட்டார்கள். ஓட்டம் முடிந்து மறுபடியும் ஆராய்ந்தபோது முந்திக் கிளம்பிய சீன வீராங்கனை தகுதி இழந்தார். மூன்றாவதாக வந்த ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது. அந்நிய நாட்டு மைதானம், எண்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கு, எதிரில் சொந்த நாட்டு வீராங்கனைக்காக ஆர்ப்பரிக்கும் கூட்டம். அங்கே அந்தப் பெண்ணுக்குத் துணை நின்றது கேமரா ஒன்றுதான். அது ஆசியப் போட்டி என்பதால் நாலாபுறமும் கேமரா இருந்தது. ஒரு மாவட்டப் போட்டியில், ஒருவருக்கு மட்டுமே படமெடுக்கும் உரிமையை விற்றுவிட்ட பந்தயத்தில், அந்த ஒருவர் பதிவைத் தரமாட்டேன் என்றால் நம் பிள்ளை எதைக் காட்டி வாதாடுவாள்?

அதே ஹாங்சோவில், மறுநாள், கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் தகுதிச்சுற்றில் 55.42 நொடியில் ஓடினார். அந்த எண்ணை முன்பு எங்கே கேட்டோம்? 1984-இல் லாஸ் ஏஞ்சல்சில் பி.டி. உஷா ஓடிய நேரம் அது. மூன்றாவதாக வந்தவர் 55.41. ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் பதக்கம் நழுவிற்று. அந்த நூற்றில் ஒரு பங்கைக் கண்டுபிடித்ததும் படம்தான். முப்பத்தொன்பது ஆண்டுகள் நின்ற அந்தச் சாதனையை ஒரு லாரி ஓட்டுநரின் மகள் சமன் செய்தாள். மறுநாள் வெண்கலமும் வாங்கினாள்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். "ஒளிபரப்பு உரிமை தனியார் சொத்து, நீங்கள் யார் கேட்க?" என்று யாராவது கேட்டால், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டுங்கள். வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு போட்டியை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது, தூர்தர்ஷன் எதிர்த்தது, வழக்கு வந்தது. வான்வழி அலைகள் பொதுச்சொத்து, அரசுக்கும் அது ஏகபோகம் அல்ல, தனியாருக்கும் அல்ல, பொதுநலத்துக்காக ஒழுங்குபடுத்தப்பட வேண்டியது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு 2007-இல் ஒரு சட்டம். நாட்டுக்கு முக்கியமானவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் வரும் விளம்பர வருவாயில் தொலைக்காட்சிக்கு எழுபத்தைந்து பங்கு உரிமையாளருக்கு, இருபத்தைந்து பங்கு பிரசார் பாரதிக்கு. மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் டிஷ் வைத்திருக்கும் நம் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒலிம்பிக்கும் ஆசியப் போட்டியும் தெரிவது இந்தச் சட்டத்தின் தயவால். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுமே, தனியார் கேபிளுக்குப் போகக்கூடாது என்று எல்லை கட்டிற்று.

இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அது கேபிள், டிஷ், வானொலி என்று பேசுகிறதே தவிர, கைப்பேசிச் செயலியைப் பேசவில்லை. அது எழுதப்பட்ட நாளில் நம் கைகளில் அப்படியொரு பொருள் இல்லை. இன்றைக்கு ஸ்ரீசிட்டி விடுதியறையில் ஆறு பேர் ஒரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கிறோம். 2023-இலும் 2024-இலும் ஐ.பி.எல்.-ஐ இலவசமாகக் காட்டிப் பழக்கிவிட்டு, 2025-இல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றான பிறகு சில நிமிடம் காட்டிவிட்டுச் சந்தா கேட்டார்கள் என்பது உங்களுக்கே அனுபவம். மற்ற ஓட்டை பெரியது. பார்க்கிறவரின் உரிமையை அந்தச் சட்டம் நினைத்தது. பிரசார் பாரதியின் பங்கை நினைத்தது. உரிமையாளரின் பங்கை நினைத்தது. எழுபத்தைந்து என்று எழுதினார்கள், இருபத்தைந்து என்று எழுதினார்கள். ஓடியவருக்கு என்று ஒன்றும் எழுதவில்லை.

பரிசுப் பணம் கூடினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு அண்மையில் ஒரு பாடம் நடந்திருக்கிறது. மைக்கேல் ஜான்சன் என்ற பழைய அமெரிக்க ஓட்ட மன்னர், ஓட்டக்காரர்களுக்கு உரிய கூலி தருவேன் என்று 'கிராண்ட் ஸ்லாம் டிராக்' என்ற புதிய லீக்கைத் தொடங்கினார். ஒவ்வொரு பிரிவிலும் முதல்வருக்கு ஒரு இலட்சம் டாலர், கடைசியாக வந்தவருக்கும் பத்தாயிரம். 2025 ஏப்ரலில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் முதல் போட்டி, பிறகு மயாமிப் பக்கம், பிறகு பிலடெல்பியா. நான்காவதாக லாஸ் ஏஞ்சல்சில் நடக்க வேண்டியது நடக்காமலே போயிற்று. ஓடி முடித்தவர்கள் பணத்துக்கு மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் லீக் திவால் மனு போட்டது. ஓட்டக்காரர்கள், மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. மனம் நல்ல மனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாக்குறுதியின் அளவு பெரிதாக இருந்து என்ன பயன்? முதலில் ஓட்டக்காரர் கூலி, பிறகுதான் மற்றவை என்று ஒரு வைப்புக் கணக்கில் பணத்தைக் கட்டியிருந்தால் அவர்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டாம். நம் ஊரிலும் கட்டட வேலை நடுவில் நின்றால் சிமெண்டுக் கடைக்காரருக்கும் கம்பிக் கடைக்காரருக்கும் பிறகுதானே சித்தாளின் கூலி!

மும்பை மாரத்தானில் அண்மை ஆண்டுகளில் ஒட்டுமொத்த முதல்வருக்கு 50,000 டாலர். நம் ரூபாயில் நாற்பது இலட்சத்துக்கு மேல். இந்தியரில் முதல்வருக்கு ஐந்து இலட்சம். ஒரே சாலை, ஒரே காலை வெயில், ஒரே கேமரா. ஒட்டுமொத்தத்தில் முந்தினால் இந்தியரும் அந்தப் பெரிய பரிசை வாங்கலாம் என்று நடத்துபவர்கள் சொல்வார்கள், அது உண்மையே. உலகத் தரத்தில் ஓடுகிறவரை வரவழைக்கக் காசு வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் நம் ஊரில் அந்த ஒளிபரப்பைப் பார்க்கிறவர்கள் யாருக்காகப் பார்க்கிறார்கள்?

இப்போது நம் பொங்கல் ஓட்டத்துக்கு வருகிறேன். இது சின்னப் பந்தயம்தானே, இதற்கு இத்தனை பேச்சா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நம் பிள்ளைகள் ஓரத்து ஊர்ப் பிள்ளைகள், ஐயா. ஆரம்பாக்கம் வந்தால் தமிழ்நாடு. சென்னையின் பெரிய மைதானம் அருகில்தான். ஆனால் நாம் ஆந்திரக் கணக்கில். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம் என்றோம். அதன் பிறகு திருப்பதி மாவட்டம் என்கிறோம். மாவட்டத் தேர்வாளரின் கண்ணிலும் சென்னைப் பயிற்சியாளரின் கண்ணிலும் நம் பிள்ளை ஒரேயடியாகப் படுவதற்கு வழி, அவள் ஓடிய காட்சி அவள் கையில் இருப்பதுதான். "அக்கா, நான் ஓடினதைப் பாருங்க" என்று யாரிடமும் நீட்ட முடிய வேண்டும். அந்தக் காட்சியைப் பார்க்கச் சந்தா கட்டுங்கள் என்று ஒரு பயிற்சியாளரிடம் சொன்னால் அவர் பார்ப்பாரா?

ஆகவே செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுக்கும் திருத்தம் இது. நிறுவனத்தாரை விரட்ட வேண்டாம், வரச் சொல்லுங்கள். தனியுரிமை கிடையாது என்று சொல்லுங்கள். தாயும் தந்தையும் அண்ணனும் தங்கையும் சாலையோரம் நின்று கைப்பேசியில் எடுப்பதை எந்த ஒப்பந்தமும் தடுக்கக் கூடாது. உரிமை இந்த ஓராண்டுக்கு மட்டும். ஓட்டம் நடக்கும் நேரத்தில் யாரும் காசின்றிப் பார்க்கலாம்; பிறகு தொகுத்து, விளக்கம் சேர்த்து, மெருகேற்றி விற்றால் அது அவர்கள் உழைப்பு, அதற்கு அவர்கள் விலை வைத்துக்கொள்ளட்டும். ஓடிய ஒவ்வொருவருக்கும் அவர் ஓடிய பகுதி ஒரு வாரத்துக்குள் இலவசமாகத் தரப்பட வேண்டும். அதை எங்கும் காட்ட, எவருக்கும் அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. முடிவில் தகராறு வந்தால் முழுப் பதிவையும் நடுவர்கள் முன் வைக்க வேண்டும்.

பணத்தில் பாதி ஓடியவர்களுக்கு. வென்ற மூவருக்கு மட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று பேர் மட்டும் ஓடினால் அது பந்தயம் ஆகாது; அதை யாரும் விலை கொடுத்து வாங்கவும் மாட்டார்கள். முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, வென்றவர்களுக்குப் பரிசு தனி. அந்தப் பாதித் தொகையை ஓட்டத்துக்கு முந்திய நாளே சங்கக் கணக்கில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் கேமரா சாலைக்கு வரக் கூடாது.

கடைசியாக, பெயர் பதிவு செய்யும் தாள். வழக்கமாக அதில் பெயர், வயது, ஊர், "ஏதேனும் நேர்ந்தால் சங்கம் பொறுப்பல்ல" என்ற வரி ஆகியவைதாம் இருக்கும். இந்த ஆண்டு அதன் பின்பக்கத்தில் நிறுவனத்தாரோடு செய்த ஒப்பந்தத்தை முழுவதும் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடிப்போம்: யார், எவ்வளவு, எத்தனை நாள், அதில் உனக்கு என்ன என்று. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் அதைப் படித்துக் கையெழுத்திடட்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு நம் தொண்டர் படித்துச் சொல்லட்டும். படம் பிடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓட மட்டும் விடுவோம். தாளின் ஒரு படி ஓடுகிறவர் கையில் இருக்க வேண்டும். மறுபடி சங்க அலுவலகத்தில். தெலுங்குப் பகுதியை எழுதித் தர நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் இசைந்திருக்கிறார். அச்சகத்துக்கு வரும் வெள்ளிக்குள் தாள் போக வேண்டும் என்று செயலாளர் சொல்கிறார். கேள்வி கேட்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து கேளுங்கள்.